அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிப்ரவரி 15 வந்தால் சிங்கப்பூர் வீழ்ந்த நாள், செப்டம்பர் 12 வந்தால் ஜப்பானியர் சரணடைந்த நாள் என்று வருஷா வருஷம் நம் பத்திரிகையில் கட்டுரை வருகிறது. கூடவே சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த யாரோ ஒருவருடைய நாட்குறிப்பின் ஒரு பக்கமோ, பென்சிலால் வரைந்த ஒரு படமோ வருகிறது. நான் அவற்றை வெட்டி எடுத்து வைக்கிறவன். அந்தப் பக்கங்கள் நம் கண்ணுக்கு வந்து சேரும் வழியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும், முடிந்தால் குறைக்காமல் போடுங்கள்.

காப்பகத்துக்குப் போகும் முன் அவை நாற்பது ஐம்பது வருஷம் ஒரு வீட்டில் கிடந்திருக்கும். துணி அலமாரியின் மேல்தட்டு, பிஸ்கட் டின், பழைய சூட்கேஸின் அடி, இப்படி எங்காவது. எழுதியவர் போன பிறகு மனைவி வைத்திருப்பார், அப்புறம் மகள், அப்புறம் பேரப்பிள்ளைகள். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். முக்கியமானது, முக்கியமில்லாதது என்று நீங்களே பொறுக்கி எடுக்காதீர்கள். நாட்குறிப்பு ஒருவருக்கு, படங்கள் ஆளுக்கு ஒன்று என்று பங்கு போடாதீர்கள். இருந்தபடியே, அழுக்கும் மடிப்புமாக, மொத்தமாகக் காப்பாற்றுங்கள். பழைய தாள்களைச் சீர்செய்யும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

இளைய வாசகர்களுக்காகப் பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்க்கைதிகள் வேறு, தடுத்து வைக்கப்பட்ட பொதுமக்கள் வேறு. பட்டாளத்துக்காரர்கள் சாங்கி வட்டாரத்திலேயே செலராங் படைமுகாம் பக்கம் போனார்கள். ஆனால் டாக்டர், தாதி, பள்ளி ஆசிரியை, வங்கிக்காரர், தோட்டத் துரை, பாதிரியார், இன்ஜினியர், இவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் என்று சீருடையே போடாத ஒரு பெரிய கூட்டம் இருந்தது. எதிரி நாட்டு ஆட்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி பாடாங் திடலில் கூடச் சொன்னார்கள். கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று, அங்கிருந்து கத்தோங் வரை நடந்தார்கள். அங்கே ஆண்களை அடைத்த இடங்களில் ஒன்று காரைக்கால் மஹால். காரைக்காலிலிருந்து வந்து மாட்டு வணிகத்தில் பெரும் பணம் சேர்த்த மூனா காதர் சுல்தான் கடலோரத்தில் ஆசை ஆசையாகக் கட்டிய மாளிகை அது, போருக்குப் பிறகு ஹோட்டலாகி இன்றும் நிற்கிறது. ஸ்டில் ரோட்டுப் பக்கம் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை, அதனால் சொன்னேன்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் எல்லாரையும் சாங்கிச் சிறைக்கு மாற்றினார்கள். பெண்களும் பிள்ளைகளும், நடக்க முடிந்தவர்கள் எல்லாரும், ஏழெட்டு மைல் நடந்தே போனார்கள். 1936-ல் கட்டிய அந்தச் சிறை 600 கைதிகளுக்கானது. அதில் 2,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் சுமார் 400 பெண்கள், குழந்தைகளையும் தனித்தனிப் பகுதிகளில் அடைத்தார்கள். ஒருவருக்கென்று கட்டிய அறையில் நடுவே ஒரு சிமெண்டு மேடை இருக்கும், அதன்மேல் ஒருவர், இரண்டு பக்கமும் தரையில் ஒவ்வொருவர், ஆக மூன்று பேர். புருஷன் ஒரு பகுதியில், பெண்டாட்டி இன்னொரு பகுதியில், நடுவே சுவர். பிறகு யூதக் குடும்பங்களையும் யுரேஷியர்களில் பலரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1944 மே மாதம் மொத்தப் பேரையும் சைம் ரோட்டிலிருந்த அத்தாப்பு (ஓலைக் கீற்று) குடிசை முகாமுக்கு மாற்றினார்கள். போர் முடிகிற வரை, மூன்றரை வருஷம், இதுதான் வாழ்க்கை.

அங்கேதான் எழுதினார்கள், வரைந்தார்கள். பள்ளிக்கூட எக்சர்சைஸ் புத்தகம், கணக்குப் பேரேட்டின் காலிப் பக்கம், டப்பாவில் ஒட்டிய லேபிளின் பின்புறம், எது கிடைத்ததோ அதில். எழுதியவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. டாம் கிட்சிங் என்று ஒருவர், போருக்கு முன் சிங்கப்பூரின் தலைமை நில அளவையாளர். 1942 முதல் 1944 வரை நாட்குறிப்பு எழுதினார், விடுதலையைப் பார்க்காமலே முகாமில் இறந்துபோனார். அந்த நாட்குறிப்பு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்து, பல பத்து வருஷம் கழித்து மகன் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். இன்னொரு பெண்மணி, கல்யாணமான சில நாட்களில் ஊர் வீழ்ந்துவிட்டது, புருஷன் ராணுவ டாக்டர், அதே சாங்கி வட்டாரத்தில் வேறு முகாமில் கைதி. தபால் போட வழியில்லாமல் தன் நாட்குறிப்பையே அவருக்கு எழுதும் கடிதமாக எழுதிக்கொண்டு போனார். இன்னொரு பதின்ம வயதுப் பெண், அப்பாவோடு சேர்ந்து அடைபட்டு, அப்பாவை முகாமிலேயே பறிகொடுத்தவள், அவளும் எழுதி வைத்தாள். மூன்று பேர் எழுதியதும் நமக்குக் கிடைத்திருப்பது யாரோ ஒருவர் வீட்டில் எடுத்து வைத்ததால்தான்.

படம் என்று வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஹாக்ஸ்வொர்த். போர்க்காலத்தில் சிங்கப்பூரில் போர் இடர்க் காப்பீட்டுத் துறையில் தலைமைப் புலனாய்வாளராக இருந்தவர். சாங்கியிலும் சைம் ரோட்டிலும் அடைபட்டிருந்த காலத்தில் யாருக்கும் தெரியாமல் 300-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் கோட்டுப் படங்களும் போட்டார். எல்லாம் சின்னச் சின்னத் தாள்கள், மறைத்து வைக்கத் தோதாக. இன்று அவை சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரே தொகுப்பாக இருக்கின்றன. ஒரே தொகுப்பாக என்பதைக் கவனியுங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால் அழகான பழைய படம் என்பதோடு போய்விடும். வரிசையாகப் புரட்டிப் பார்க்கும்போதுதான் அது ஒரு ஊராக எழுந்து நிற்கிறது. எங்கே தூங்கினார்கள், எதைச் சுமந்தார்கள், உடம்பு எப்படிக் கரைந்துகொண்டே போனது, அந்த நிலையிலும் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எல்லாம் கிடைக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த நாட்குறிப்புகளில் பெரும்பகுதி என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாப்பாடுதான். இன்று கஞ்சி தண்ணியாக இருந்தது, கீரை ஒரு கரண்டி, இந்த வாரம் சர்க்கரை இல்லை, யாருக்கோ பெரிபெரியில் கால் வீங்கிவிட்டது, மூட்டைப்பூச்சித் தொல்லை, குளிக்கும் இடத்தில் வரிசை, செருப்பு அறுந்துவிட்டது, பக்கத்து ஆள் இருமி இருமித் தூங்க விடவில்லை. பத்துப் பக்கம் இப்படிப் போகும், பிறகு ஒரு பெரிய சம்பவம், மறுபடி கஞ்சி. குடும்பத்தார் தட்டச்சு செய்ய உட்காரும்போது இந்தப் பத்துப் பக்கத்தைத்தான் முதலில் விடுகிறார்கள். படிக்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும், அப்பாவைப் பற்றிக் குறைவாக நினைப்பார்கள் என்று நல்ல எண்ணத்தில்தான் விடுகிறார்கள்.

அந்தப் பக்கங்களைப் போல மதிப்புள்ளவை வேறு இல்லை. துப்பாக்கிச் சூடு, கைது, விடுதலை எல்லாம் அரசாங்க ஆவணத்திலும் நீதிமன்றப் பதிவிலும் இருக்கும். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை அவுன்ஸ் அரிசி வந்தது, எந்த மாதம் குறைந்தது, குறைந்த எத்தனாவது வாரம் கால் வீங்க ஆரம்பித்தது என்பதெல்லாம் இந்த மாதிரி நோட்டுகளில்தான் இருக்கும். அதே சாங்கியில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அடைபட்டிருந்தார். ஆப்பிரிக்கக் கோல்ட் கோஸ்டில் புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் க்வாஷியார்க்கர் நோயை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். முகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தே பிழைத்தன என்று பின்னாளில் சொன்னார். சோற்றுக்கே வழியில்லாத தாய்மார்களிடம் பால் குடித்து 20-க்கு 20 பிழைத்தது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி. அந்தத் தாய்மார்களில் ஒருத்தி அன்றன்று என்ன சாப்பிட்டாள் என்று எங்கோ ஒரு நோட்டில் நாலு வரி இருக்கும். அதைத்தான் நாம் அலுப்பு என்று வெட்டிவிடுகிறோம்.

இந்த நோட்டுகளை வைத்திருந்ததே அன்றைக்கு உயிர்ப்பிரச்சினை. 1943 செப்டம்பர் கடைசியில் கெப்பல் துறைமுகத்தில் நின்ற ஜப்பானியக் கப்பல்களில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடிப் படகு போன்ற ஒன்றில் வந்த சிறு படை செய்த வேலை அது. கெம்பித்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ்காரர்கள் சாங்கிச் சிறைக்குள்ளிருந்துதான் உளவு போயிருக்கிறது என்று முடிவு கட்டி, அக்டோபர் 10-ஆம் தேதி காலையில் உள்ளே வந்து எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டி நிற்க வைத்து, அறை அறையாகத் துழாவினார்கள். பத்தாம் மாதம் பத்தாம் தேதி, அதனால் இரட்டைப் பத்து என்று பெயர். அடைபட்டிருந்தவர்களில் 57 பேரைக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள், 15 பேர் செத்தார்கள். டாக்டர் சிசிலி வில்லியம்ஸும், புருஷனுக்குக் கடிதம் எழுதினார் என்று மேலே சொன்ன அந்தப் பெண்மணியும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் இருந்தார்கள். 1946-ல் விசாரணை நடந்து கெம்பித்தாய்க்காரர்கள் 8 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். இப்படி ஒரு சோதனை நடந்த இடத்தில், ஒரு வரி தப்பாகப் படிக்கப்பட்டாலும் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தெரிந்தே ஒருவர் நோட்டை ஒளித்து வைத்து மறுபடி எழுதத் தொடங்கினார் என்றால், எழுதியதில் எது தேவை எது தேவையில்லை என்று முடிவு செய்ய நமக்கு என்ன இருக்கிறது?

என் வேலைக் காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், குடும்பத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்ல மாட்டேன். தாத்தாவின் முகாம் நோட்டு என்று கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட நோட்டு, கோடு போட்டது, அட்டை போய்விட்டது, முதுகில் சாக்குத் தைக்கும் நூலால் அவரே தைத்திருந்தார். எழுத்து முழுக்கக் காப்பியிங் பென்சில். அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்தப் பென்சில் தெரியும், காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவும். பக்கத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள், அன்றைய ரேஷன். நடு நடுவே படங்கள், இனாமல் குவளை, அத்தாப்புக் கூரையின் மூங்கில் கட்டு, தூங்குகிற ஒருவரின் பாதம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் பாதிப் படங்கள் நோட்டில் இல்லை. பிளேடால் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கை நாலு பேருக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள். தாத்தாவின் ஞாபகமாக எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று.

வெட்டிய ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்பக்கம் இருக்கிறது அல்லவா? அதில் அவர் எழுதியிருந்தார். சைம் ரோட்டுக்கு மாறிய வாரத்தின் பக்கத்தில் நடுவில் ஒரு ஓட்டை, சாங்கியிலிருந்து கிளம்பிய வரி தொடங்குகிறது, ஓட்டையில் விழுகிறது, அந்தப் பக்கம் ஒரு பெயரின் கடைசி எழுத்து மட்டும் நிற்கிறது. அந்தச் சதுரம் வெளிநாட்டில் ஒரு வீட்டுச் சுவரில், பின்னால் பசை தடவி அட்டையில் ஒட்டப்பட்டு இருந்தது. எல்லாச் சட்டங்களையும் கழற்றிப் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வரவழைத்தோம். சில வந்தன. பசையில் ஒட்டியவற்றிலிருந்து எழுத்தை மீட்க முடியவில்லை. பெயரில் முடிகிற அந்த வரி யாரைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. அந்தக் குடும்பம் பாசத்தில்தான் இதைச் செய்தது, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆகவே கைக்கு வந்த தாளை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கொஞ்சம் சொல்கிறேன். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் அந்தப் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுத்தால் எழுத்தோடு வரும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. துரு ஏறிய குண்டூசியை இழுத்துப் பிடுங்காதீர்கள், தாளையும் சேர்த்து இழுக்கும், தெரிந்தவர்களிடம் கொடுத்து எடுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, ஊதாப் பென்சில் என்று மேலே சொன்னேன், ஒரு துடைப்பில் ஒரு வருஷம் போய்விடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும். அமிலம் இல்லாத காகித உறை கடைகளில் கிடைக்கிறது, அதில் போட்டு அட்டைப் பெட்டியில், தரையிலும் சுவரிலும் படாமல், சமையலறைக்கும் குளியலறைக்கும் தூரமாக வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள். போனில் படம் எடுக்கிறவர்கள் காலிப் பக்கம், அட்டை, பின்பக்கம், உள்ளே செருகியிருக்கும் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் வரிசை மாறாமல் எடுங்கள். படம் எடுத்தாயிற்றே என்று அசலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல நகல் எடுத்து மாட்டுங்கள், நாலு பேருக்கும் நாலு நகல், கேட்டால் பத்துக்கூடப் போடலாம்.

குடும்பத்தார் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை நான் லேசாக நினைக்கவில்லை. பசியில் அடைபட்ட ஜனங்கள் சண்டை போடாமல் இருக்க மாட்டார்கள். இன்னார் ரொட்டி திருடினார், இன்னார் காவலாளிக்கு வேண்டியவர், இன்னாருடைய பெண்டாட்டி இப்படி அப்படி என்று நாட்குறிப்பில் இருக்கும். அந்த இன்னாருக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள், அவர்கள் மனசு நோகக் கூடாது. சரி. அதற்குப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதில்லை. காப்பகத்தாரிடம் கொடுக்கும்போதே இந்தப் பகுதியை இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம், அந்த மாதிரி நிபந்தனைகள் அவர்களுக்குப் பழக்கமானவைதான். மூடி வைத்தது ஒரு நாள் திறக்கும், கிழித்தது போனது போனதுதான். எழுதியவரையே குறைத்துக் காட்டும் வரிகளும் இருக்கும், கோழைத்தனம், பொறாமை, அழுகை, அடுத்தவன் செத்தால் அவன் பங்குச் சோறு கிடைக்குமா என்ற நினைப்பு. அப்பாவைப் பற்றி அப்படிப் படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினார்.

சாங்கிப் பெண்கள் 1942-ல் தைத்த பூவேலைப் போர்வைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், துணியானாலும் அதுவும் நாட்குறிப்புதான். எத்தல் மல்வனி என்ற கனடாக்காரப் பெண்மணியின் யோசனை அது. ஆளுக்கு ஒரு சதுரத் துணி கொடுத்து, உன்னைப் பற்றி ஏதாவது தைத்துப் பெயரும் போடு என்றார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரம், மூன்று போர்வைகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயம்பட்ட வீரர்களுக்கு என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜப்பானியருக்கும் ஒன்று தைத்ததால்தான் மற்ற இரண்டையும் வெளியே விட்டார்கள் என்று சொல்வார்கள். புருஷன்மார் அந்தச் சதுரங்களில் பெண்டாட்டி பெயரைப் பார்த்து அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பது உள்நோக்கம். வீட்டுப் பூக்கள், கப்பல், ஆஸ்திரேலியா வரைபடம், சிறை அறை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பின்பக்கத்தில், போர் முடிந்ததும் இதைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்கவும் என்று எழுதி, கூடவே இதைத் தண்ணீரில் போடாமல் டிரை கிளீன் செய்வது நல்லது என்றும் எழுதியிருக்கிறார்கள். சோற்றுக்குத் தாளம் போடும் சிறைக்குள் இருந்துகொண்டு, தாங்கள் தைத்தது பிற்காலத்தில் சாயம் போய்விடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் ஆஸ்திரேலிய ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் இருந்து, 1968-ல் அவர் மனைவியால் கான்பரா போர் நினைவகத்துக்குக் கொடுக்கப்பட்டன. யாராவது ஒருவர் அழகான சதுரத்தை மட்டும் பிரித்து மெத்தை உறைக்குத் தைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 66 பெயர்களும் ஒன்றாக இருப்பதால்தான் இன்றும் பேத்திமார் போய்த் தங்கள் பாட்டியின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதைதானே, தமிழ்ப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அதே ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது, காலராவிலும் மலேரியாவிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை சரியான கணக்குக் கிடையாது. சாங்கியில் அடைபட்டவர் பெயர், வயது, வேலை எல்லாம் பட்டியலில் இருக்கிறது, அவர்களுக்குள்ளேயே எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், எழுதினார்கள். லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவரிடம் பென்சில் இல்லை, பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பெயரை எழுதி வைத்தவரும் இல்லை. இரண்டு துன்பத்தையும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் தாள் இருந்த இடத்தில் இன்று முகம் தெரிகிறது, தாள் இல்லாத இடத்தில் எண்ணிக்கைகூடத் தெரியவில்லை. நோட்டு வைத்திருக்கும் எந்த வீட்டையும் பார்த்து நான் கெஞ்சுவது இதனால்தான்.

நம் வீடுகளிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்திய சுதந்திர லீக் ரசீது, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டின் (பணத்தாளின்) மேல் எழுதிய கணக்கு, ரேஷன் அட்டை, போருக்குப் பிறகு ஊருக்குப் போட்டுத் திரும்பி வந்த கடிதம், மளிகைக் கடைப் பேரேடு, இதெல்லாம் தமிழ் வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன். ஊபிக்கிழங்கு (மரவள்ளி) தின்றே வளர்ந்தோம் என்று சொல்லும் பாட்டிமார் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் வேறு பேச்சுக்குப் போனாலும் நிறுத்தாதீர்கள், திரும்பத் திரும்பச் சொன்னாலும் வெட்டாதீர்கள், தேதியும் ஊரும் சொல்லச் சொல்லித் தொடங்குங்கள். 1979-ல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் தமிழில் பேசிய பதிவுகளும் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், சோற்றைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்று தெரியும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இனிமேல் நாட்குறிப்புப் பக்கத்தையோ முகாம் படத்தையோ வெளியிடும்போது அழகான நாலு வரியை மட்டும் பொறுக்காமல் முழுப் பக்கத்தையும் போடுங்கள், கஞ்சிக் கணக்கோடு. அசல் எங்கே இருக்கிறது, வேண்டுமென்றால் போய்ப் பார்க்கலாமா என்று கீழே ஒரு வரி சேருங்கள். இன்னொன்று, வருகிற பிப்ரவரிக்கு முன்னால் வாசகர்களிடம் ஓர் அறிவிப்புச் செய்யுங்கள்: போர்க்காலத் தாள், படம், கடிதம் வீட்டில் வைத்திருப்பவர்கள், எந்த இனத்தவரானாலும், எடுத்து வரட்டும், உங்கள் அலுவலகத்திலோ ஏதாவது ஒரு நூலகத்திலோ ஒரு மேசை போட்டு உட்காரலாம். யாரும் எதையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை, காட்டினால் போதும், எப்படி வைப்பது என்று சொல்லி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வரத் தயாராக இருக்கிறார்கள், நானும் வருகிறேன். சனிக்கிழமை காலை என்றால் எங்கள் எல்லாருக்கும் வசதி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிராங்கூன், சிங்கப்பூர்